மஞ்சள் நிறத்துக்கு வைத்த பெயர்

எங்கள் குடும்பத்தில் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. எனக்குக் கோபம் வந்தால் பேசமாட்டேன். என் அக்காவுக்குக் கோபம் வந்தால் பேச்சை நிறுத்தமாட்டாள். இரண்டில் எது தேவலை என்று இப்போது கேட்டால், அவளுடையதுதான் என்பேன். திட்டித் தீர்த்த அடுத்த நிமிடமே அவளுக்குப் பசி எடுத்துவிடும், சாப்பிட உட்கார்ந்துவிடுவாள். நான் ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டு செய்த காரியம் இன்றைக்கும் எனக்குச் செரிக்கவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே சலவை ஆலையில் வேலை பார்த்தோம். நான்கு ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பு, போர்வை, டாக்டர்களின் அங்கி எல்லாம் எங்களிடம்தான் வெளுப்புக்கு வரும். ஐந்து பெரிய மெஷின்கள் இருந்தன. துவைப்பதும் அவையே, துணியைச் சுழற்றிப் பிழிவதும் அவையே. அவற்றில் மூன்றாம் நம்பர்தான் எல்லாவற்றிலும் பெரியது, அது என் அக்காவுடையது. ஆலை முதலாளியுடையது என்று சட்டம் சொல்லும். ஆனால் இருபத்திரண்டு வருடமாக அதை ஓட்டுபவள் அவள், எனவே எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் அது அக்கா மெஷின். என்னை அங்கே வேலைக்குச் சேர்த்ததும் அவள்தான். பிறகு நான் நாலு பரீட்சை எழுதி சூப்பர்வைசர் ஆனேன். கண்ணாடித் தடுப்பு போட்ட அறையில் நாற்காலியும் கம்ப்யூட்டரும் கொடுத்தார்கள்.

சண்டை வந்தது ஒரு சாதாரண விஷயத்துக்கு. வெளியே ஆஸ்பத்திரி லாரி நின்றுகொண்டிருந்தது, மேனேஜர் கூடத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அக்கா மூன்றாம் நம்பரை நிறுத்திவிட்டாள்.

"என்ன ஆச்சு?" என்றார் மேனேஜர்.

"உள்ள ஒரு முனகல் கேக்குது சார். பேரிங் பக்கம்."

மெக்கானிக் வந்தார், மூடியைத் திறந்தார், காலியாக ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்றார். நானும், "ஒண்ணுமில்ல சார், நல்லாத்தான் ஓடுது" என்றேன். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"காலியா ஓட்டுனா எப்படிக் கேக்கும்? ஈரத்துணி நிறைஞ்சு சுத்தும்போதுதான் கேக்கும். இவன் கண்ணாடி ரூமுக்குள்ள உக்காந்து உக்காந்து காது மந்தமாயிடுச்சு சார். இவனைக் கேக்காதீங்க."

கூடமே சிரித்தது. மேனேஜரும் சிரித்தார். மடிப்பு மேசையில் இருந்த பெண்கள் ஒரு வாரம் என்னைப் பார்த்தபோதெல்லாம் காதைத் தடவிக் காட்டினார்கள். எனக்கு மானம் போயிற்று. அன்றிலிருந்து அக்காவோடு பேச்சை நிறுத்தினேன். வேலை விஷயம் என்றால் மீசைக்காரரிடம் சொல்லி அனுப்புவேன். அவர் இரண்டாம் நம்பர் மெஷின்காரர், பாவம், நடுவில் மாட்டிக்கொண்டார்.

அதற்கு அடுத்த மாதம்தான் டப்பா மேடம் வந்தாள். என்ஜினீயர். தீப்பெட்டி அளவு டப்பா ஒன்றைக் காந்தத்தால் ஒவ்வொரு மெஷினின் முதுகிலும் ஒட்டினாள், அதனால் அந்தப் பெயர். மெஷினின் அதிர்வை அந்த டப்பா அளந்து என் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். திரையில் அது அலையாக ஓடும். எந்த அலை நல்லது, எந்த அலை கெட்டது என்று நாம் காட்டிக் கொடுத்தால், கொஞ்ச நாளில் அது தானே கண்டுபிடித்துச் சொல்லுமாம்.

"எனக்கு இந்த புரோகிராம் எல்லாம் எழுதத் தெரியாதும்மா" என்றேன்.

"எழுதவே வேண்டாம் சார். மவுஸால இந்தத் துண்டை இப்படி இழுத்துப் பிடிங்க. கலர் அடிங்க. அவ்வளவுதான். எனக்கு கம்ப்யூட்டர் தெரியும், மெஷின் தெரியாது. மெஷின் தெரிஞ்சவங்க கலர் அடிச்சாத்தான் இது உருப்படும்."

"பேரு?"

"கலருக்கு நீங்களே பேர் வைங்க. உங்க ஆளுங்க என்ன சொல்லுவாங்களோ அதையே வைங்க."

பச்சைக்குச் 'சரி' என்று வைத்தேன். சிவப்புக்குத் 'தப்பு'. எனக்கே பிடித்துப்போயிற்று. பள்ளிக்கூடத்தில் கிடைக்காத வண்ணப்பெட்டி ஐம்பது வயதில் கிடைத்தது. இன்னொரு ஜன்னலும் அதில் இருந்தது. ஒவ்வொரு அலைத் துண்டையும் ஒரு புள்ளியாக்கி, ஒரே மாதிரி இருப்பவற்றைப் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டும். பச்சைப் புள்ளிகள் ஒரு கும்பலாக இருக்கும், சிவப்புப் புள்ளிகள் தள்ளி வேறொரு கும்பலாக.

"மெஷின் ஓட்டுறவங்களையும் பக்கத்துல வச்சுக்கங்க சார். ஏன் நிறுத்துனாங்கன்னு கேட்டுக் கேட்டுக் கலர் அடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மற்ற நால்வரையும் கூப்பிட்டேன். அக்காவை மட்டும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நான் முதலில் பேசினதாக ஆகிவிடும்.

மூன்று மாதத்தில் மூன்றாம் நம்பர் நாற்பத்தொரு முறை நின்றிருந்தது. மூன்று தடவை மெக்கானிக் ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்துச் சரி செய்தார், அவற்றுக்குச் சிவப்பு. மிச்சம் முப்பத்தெட்டு. ஒவ்வொன்றிலும் அக்கா நிறுத்தியதற்கு முந்தைய நிமிடத்து அலை என் எதிரே இருந்தது. ஒழுங்கானவனாக இருந்தால் எழுந்து பத்தடி நடந்து, "எதுக்குக்கா நிறுத்துன?" என்று கேட்டிருப்பான். நான் புதிதாக ஒரு நிறம் எடுத்தேன். மஞ்சள். பெயர் எழுதும் கட்டத்தில் 'அக்கா' என்று தட்டினேன். சும்மா நிறுத்தியது என்று அர்த்தம். முப்பத்தெட்டுக்கும் அதையே அடித்தேன்.

ஸ்டோர்கீப்பரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த ஆளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. எனக்கு ஏக திருப்தி. அப்படிப்பட்ட அற்பன் நான்.

டப்பா மேடம் அடுத்த முறை வந்தபோது மஞ்சளைப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினாள்.

"இது என்ன சார், அக்கா?"

"அது ஒரு பழக்கம்மா. அந்தம்மா சந்தேகப் பிராணி, அடிக்கடி நிறுத்தும்."

"வெறும் சந்தேகம்னா இந்தப் புள்ளிங்க பச்சைக்குள்ள அங்கங்க கலந்துதானே இருக்கணும்? பாருங்க, தனியா ஒரு கூட்டமா நிக்குது. சிவப்புக்குக் கிட்டக்க வேற."

உண்மைதான். மஞ்சள் புள்ளிகள் ஒட்டிக்கொண்டு ஓரமாக நின்றன. குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"மெஷின் மேல கைய வச்சுச் சாஞ்சு நிக்கும் அந்தம்மா. அதனால அலை மாறுது."

அக்கா அப்படி நிற்பாள்தான், அதனால் அது முழுப் பொய்யும் இல்லை. டப்பா மேடம் கொஞ்சம் யோசித்தாள். "ஓ, அப்ப ஆள் பழக்கமா இருக்கும்" என்று குறித்துக்கொண்டாள். என்னைவிட அவளுக்கு மெஷின் தெரியாது என்று அவளே சொல்லியிருந்தாளே. என்னை நம்பினாள்.

அப்போதே விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, ஒரு தப்புதான். அடுத்த வாரம் அக்காவுக்குக் காய்ச்சல். இரண்டு நாள் லீவு. என் மனைவி கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, "அண்ணி எழுந்திருக்கவே முடியாமக் கெடக்குறாங்க. ஒரு எட்டுப் போய்ப் பாருங்களேன். ரெண்டு பேரும் ஒரே அச்சு, யாருக்கு என்ன லாபம்?" என்றாள். நான் காது கேட்காதவன் மாதிரி செய்தித்தாளைத் திருப்பினேன்.

மறுநாள் மூன்றாம் நம்பரில் மீசைக்காரர் நின்றார். அவர் மெஷினைத் தொடவே இல்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், கண்ணாடி வழியாக எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஈரத்துணி நிறைந்து டிரம் வேகம் பிடித்தது. என் திரையில் அலை ஓடிக்கொண்டிருந்தது, அதற்குக் கீழே மஞ்சள் பட்டை எழுந்தது. 'அக்கா, தொண்ணூற்றொரு சதவீதம்' என்று காட்டியது.

பக்கத்தில் இருந்த ஸ்டோர்கீப்பர், "பாத்தீங்களா, உங்க அக்கா லீவுலயும் வந்து வேலை பாக்குறாங்க" என்றார்.

நானும் சிரித்தேன். அக்கா வீட்டில் போர்த்திக்கொண்டு கிடக்கிறாள். அப்படியென்றால் அவள் கையும் இல்லை, சாய்வதும் இல்லை, சந்தேகமும் இல்லை. மெஷினுக்குள்தான் என்னமோ இருக்கிறது. அவளுக்குக் கேட்டது நிஜம். இதை நான் அந்த நிமிடமே புரிந்துகொண்டேன். புரியாமல் செய்துவிட்டேன் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

ஆனால் அதை ஒத்துக்கொண்டால் என்ன ஆகும்? அக்கா சொன்னதுதான் சரி, சூப்பர்வைசர் காது மந்தம்தான் என்று கூடமே மறுபடி சிரிக்கும். சாயங்காலம் மேனேஜர் போன் செய்தார். "இத்தனை கலர் எதுக்கு? சரியா, தப்பா, ரெண்டு போதும்" என்றார். மூன்றாவது நிறத்தை எங்கே சேர்ப்பது என்று கருவி கேட்டது. பச்சையா, சிவப்பா என்று இரண்டு பொத்தான்கள். பச்சையை அழுத்தினேன். மஞ்சள் கூட்டம் அப்படியே நிறம் மாறிற்று. கருவி நூற்றுக்கு எத்தனை சரியாகச் சொல்கிறது என்று மேலே காட்டும் எண் எண்பத்தெட்டிலிருந்து தொண்ணூற்றேழுக்கு ஏறியது. மேனேஜர் மறுநாள் எல்லோர் முன்னாலும் என் கையைக் குலுக்கினார்.

பிறகு ஒவ்வொரு மெஷினுக்கும் மேலே ஒரு விளக்கு மாட்டினார்கள். கருவி சொல்கிறபடி பச்சையோ சிவப்போ எரியும். சிவப்பு எரியாமல் யாரும் மெஷினை நிறுத்தக் கூடாது என்று உத்தரவு வந்தது. கையெழுத்துப் போட்டு ஒட்டியவன் நான்.

அதற்குப் பத்து நாள் கழித்து அக்கா என் அறைக்குள் வந்தாள். அவளே வந்தாள், பழைய சண்டையை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு.

"டேய், மூணாம் நம்பர் ரொம்ப முனகுதுடா. முன்னைக்கு இப்ப ஜாஸ்தி. உன் படத்துல ஒண்ணும் தெரியலையா?"

பேசாமல் திரையை அவள் பக்கம் திருப்பினேன். முழுக்கப் பச்சை. அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப எனக்கு மட்டும்தான் கேக்குதா?"

"வயசாச்சுல்ல" என்றேன்.

ஒரே சொல். எதிர்த்து ஏதாவது சொல்வாள், ஒரு மூச்சு திட்டுவாள் என்று காத்திருந்தேன், பதிலும் தயாராக வைத்திருந்தேன். "இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஐந்து வாரம் மூன்றாம் நம்பர் ஒரு தடவைகூட நிற்கவில்லை. அக்கா மெஷினில் கை வைப்பதையும் விட்டுவிட்டாள். விளக்கை அண்ணாந்து பார்த்தபடி நிற்பாள். சில நேரம் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, துண்டு முனையால் காதைக் குடைவாள். கண்ணாடி வழியாக அதையும் பார்த்தேன். தண்ணீர் புகுந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு மூன்றாம் நம்பரின் பேரிங் இறுகி உடைந்தது. டிரம் முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்த நேரம். இடிக்கிற சத்தத்தில் என் மேசைத் தம்ளர் கீழே விழுந்தது. மெஷின் தரையில் இருந்து போல்ட்டைப் பிடுங்கிக்கொண்டு நகர்ந்தது, குழாய் பிய்ந்து கூடம் முழுக்கத் தண்ணீர். எல்லோரும் வெளியே ஓடினார்கள். அக்கா மட்டும் உள்ளே ஓடினாள், நிறுத்தும் பொத்தானை அழுத்த. அழுத்தியும்விட்டாள். திரும்பும்போது சோப்புத் தண்ணீரில் வழுக்கி வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. அவளைத் தூக்கும்போது நிமிர்ந்து பார்த்தேன். விளக்கு பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது.

மேனேஜர் கருவியைத் திட்டினார். டப்பா மேடம் வந்து ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தாள்.

"இதுக்கு என்ன சொல்லிக் கொடுத்தோமோ அதைத்தான் சொல்லியிருக்கு சார்" என்றாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை. "அந்த மஞ்சளை நான் விட்டிருக்கக் கூடாது. என் மேலயும் தப்பு இருக்கு. பழைய அலை எல்லாம் பத்திரமா இருக்கு. மொதல்ல இருந்து கலர் அடிக்கணும். இந்தத் தடவை அந்தம்மாவே வந்து அடிக்கட்டும்."

ஆறு வாரம் கழித்து அக்கா வந்தாள். மாவுக்கட்டை அவிழ்த்திருந்தார்கள், ஆனால் விரல்கள் மடங்கவில்லை. இனிமேல் மெஷின் வேலை முடியாது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். என் நாற்காலியில் அவளை உட்கார வைத்தேன். இடது கையால் மவுஸைப் பிடித்தாள். டப்பா மேடம் அவள் தலையில் ஹெட்போனை மாட்டினாள், அலையைச் சத்தமாகவும் கேட்கலாமாம். கூடவே சாம்பல் நிறம் ஒன்றைச் சேர்த்து, "நிச்சயமாத் தெரியலன்னா இதை அடிங்கம்மா, ஒண்ணும் தப்பில்ல" என்றாள்.

மஞ்சளைப் பச்சையில் சேர்ப்பதற்கு முன் இருந்த பழைய கோப்பைத்தான் டப்பா மேடம் திறந்திருந்தாள், அதில் என் நிறங்களும் அப்படியே இருந்தன. முதல் மஞ்சள் துண்டு வந்ததும் அக்காவின் கை நின்றது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி திரைக்குக் கிட்டே போனாள்.

"அக்கான்னு போட்டிருக்கு. இது யாரு வச்ச பேரு?"

டப்பா மேடம் தன் கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தாள்.

"நான்தான்க்கா" என்றேன். "நீ சும்மா நிறுத்துறதா... கோவத்துல வச்சேன். நீ காய்ச்சல்ல கெடந்தப்பகூட இது உன் பேரைத்தான் காட்டுச்சு. அன்னைக்கே எனக்குத் தெரியும், உனக்குக் கேட்டது நெசம்னு. தெரிஞ்சே பச்சையில சேத்தேன்."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். நாலு வார்த்தை திட்ட மாட்டாளா என்று ஏங்கினேன். அவள் என்னைப் பார்க்கவும் இல்லை. ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டாள். சிவப்பு அடித்தாள். அடுத்தது. சிவப்பு. அடுத்தது. முப்பத்தெட்டில் முப்பத்தாறுக்குச் சிவப்பு, இரண்டுக்குப் பச்சை. "இது ரெண்டும் நான் சும்மா நிறுத்துனது, அன்னைக்குக் கால் வலி" என்று டப்பா மேடத்திடம் சொன்னாள்.

பிறகு அந்தக் கடைசி ஐந்து வாரம் வந்தது. முனகல் எனக்கே ஹெட்போனுக்கு வெளியே கசிந்து கேட்டது. இவ்வளவு பெரிய சத்தத்தையா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பச்சை என்று சொன்னேன்? அக்கா கேட்டாள். நெற்றியைச் சுருக்கினாள். சாம்பல் நிறம் அடித்தாள். தெரியவில்லை. அடுத்ததுக்கும் அதே, அதற்கு அடுத்ததுக்கும்.

"அக்கா, இது நல்லாக் கேக்குதே" என்றேன். "இதுக்குப் போய் எதுக்குத் தெரியலன்னு அடிக்கிற?"

"அன்னைக்கும் நல்லாத்தான் கேட்டுச்சு." அவள் குரல் என்னிடம் பேசுவதாக இல்லை, பொதுவாகச் சொல்வது போல் இருந்தது. "விளக்கு பச்சையா எரியுது. நீயும் வயசாச்சுன்னுட்ட. எனக்குத்தான் கோளாறுன்னு நெனச்சேன். காது டாக்டர்கிட்ட மூணு தடவை போனேன். வீட்டுல யாருக்கும் சொல்லல."

"என்ன சொன்னாரு?"

"காது நல்லா இருக்குன்னாரு. நான் நம்பல. வேற டாக்டரைப் பாக்கலாம்னு இருந்தேன், அதுக்குள்ள கை போயிடுச்சு."

அவள் துண்டு முனையால் காதைக் குடைந்தது கண் முன்னால் வந்தது. கை முறிந்ததற்கு ஆலை ஏதோ கொடுத்தது. இதற்கு யாரிடம் போய் நிற்பாள்?

கருவி அந்த ஐந்து வாரத்தைச் சாம்பல் நிறத்தோடு ஏற்றுக்கொள்ளவில்லை, ஏதாவது ஒரு துண்டுக்காவது பச்சையோ சிவப்போ வேண்டும் என்று கேட்டது. டப்பா மேடம் கடைசி நாளின் கடைசி நிமிடத்தை எடுத்து ஓடவிட்டாள், பேரிங் உடைவதற்குச் சற்று முன் ஓடிய அலை. கூடத்தில் எவரும் இதுவரை கேட்டிராத மாதிரி அது ஓலமிட்டது. அக்கா இரண்டு தடவை கேட்டாள். மூன்றாம் தடவையும் போடச் சொன்னாள். மவுஸைச் சிவப்பு வரைக்கும் கொண்டுபோனாள், அங்கேயே நிறுத்தினாள். இருபத்திரண்டு வருடத்தில் மெஷினைப் பற்றி ஒருவரிடமும் எதுவும் கேட்டறியாதவள், நேற்று வந்த அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள்.

"இது தப்புதானேம்மா?"

"தப்புதான்க்கா" என்றேன் நான். "தப்புதான், அடி."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. விரலைப் பொத்தான் மேல் வைத்துக்கொண்டு, டப்பா மேடம் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.